காற்று புகாத வீடு

என் வீட்டுக்காரர் என்னை முதன்முதலாக அடித்தது, குளியலறையில் நான் அணைக்க மறந்த ஒரு பல்புக்காக. மின்சார அலுவலகத்தில் பொறியாளர் அல்லவா, யூனிட் கணக்கெல்லாம் விரல் நுனியில் இருக்கும். கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அந்த பல்பு வீணாக எரிந்தால் எங்கோ எவ்வளவு நிலக்கரி எரிகிறது என்று பொறுமையாகப் பாடம் எடுத்தார். கல்யாணமான புதிது. காது கொய்யென்று கத்திக்கொண்டிருக்க, நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக் கேட்டேன்.

அதற்குப் பிறகு காரணம் தேட அவர் சிரமப்படவே இல்லை. ஃப்ரிட்ஜ் கதவை அதிக நேரம் திறந்து வைத்ததற்கு, என் விரல்களை அந்தக் கதவிலேயே வைத்து நசுக்கினார். சூடேறிய இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போன் பேசப் போனதற்கு, திரும்பி வந்ததும் அதைத் தூக்கி என் முழங்கைக்கு மேலே வைத்தார். சூடு வீணாகக் கூடாதாம். தோல் கருகுகிற வாடை வந்தபோதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர், இவர் என்று மரியாதையாகச் சொல்கிறேனே என்று சிரிக்காதீர்கள். முப்பது வருடப் பழக்கம், நாக்கு லேசில் திரும்பாது.

வெளியே அவர் தங்கமான மனுஷர். யார் வீட்டு ஃப்யூஸ் போனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். அலுவலகத்தில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஒரே ஒரு முறை என் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் என் கையிலிருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்தார், கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார், நீயும் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளலாமே என்றார். அன்றோடு இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வாயைத் திறக்காமலே ஒருத்தி தெரிந்துகொண்டாள். பக்கத்து வீட்டுத் தையற்காரி. அந்த அடுக்குமாடியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அதை ஒட்டித்தான் அவளுடைய மெஷின் கிடந்தது. நாள் முழுக்க கடகடவென்று ஓடும். இங்கே முதல் அடி விழுந்ததும் அங்கே மெஷின் நிற்கும். நின்றால் அவள் கேட்கிறாள் என்று அர்த்தம். அடுத்த அடி விழுந்தால், துணி அளக்கிற மரக்கோலால் சுவரில் தடார் தடாரென்று போடுவாள். அதற்கும் அடங்காவிட்டால், கழுத்தில் டேப்போடு வாசலில் வந்து நின்று, அக்காவுக்கு அளவு எடுக்க வேண்டும் என்பாள். அவர் முகம் ஒரு நொடியில் மாறிவிடும். வாம்மா வாம்மா என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவள் என் கையைத் தூக்கிப் பார்ப்பாள், முதுகைத் திருப்பிப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். அடுத்த வாரம் நான் சொல்லாமலே முழுக்கை வைத்து ஒரு சட்டை வந்து சேரும்.

மற்ற விஷயங்களில் அவளுக்கு வாய் நீளம். ஒரு நாள் மாவுப் பொட்டலத்தைப் பிரிக்க, அவள் மேஜையிலிருந்த பெரிய கத்தரிக்கோலைத் தெரியாமல் எடுத்துவிட்டேன். பிடுங்கிக்கொண்டு குதித்தாள். அது துணிக்கு மட்டும்தானாம். காகிதம் பட்டாலே வாய் மழுங்கிவிடுமாம். புருஷன் உயிரோடு இருந்தபோது அவனே அதைத் தொட்டதில்லை, தொட்டிருந்தால் முதலில் அவனைத்தான் வெட்டியிருப்பேன் என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்த நாட்களில் பாதி அவள் புண்ணியத்தில் வந்தவை.

அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே நகரத்துக்கு வெளியே மனை வாங்கி வீட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார். கடைசிக் காலம் வரை இருக்கப்போகிற வீடு, கரண்ட் பில்லே வராத வீடு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கூரை முழுக்க சூரிய ஒளித் தகடுகள். சுவருக்குள் சுவர் எழுப்பி நடுவில் முழங்கை நீளத்துக்குப் பஞ்சு அடைத்தார்கள். சன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. வாசல் கதவைச் சுற்றி, ஃப்ரிட்ஜ் கதவுக்கு இருப்பது போல ரப்பர். வெளியே வெயிலோ குளிரோ எதுவும் உள்ளே எட்டிப் பார்க்காது. நாங்கள் மூச்சு விடுவதற்குக்கூட ஓர் இயந்திரம் வைத்தார். உள்காற்றை எடுத்து வெளியே விட்டுப் புதுக்காற்றைக் கொண்டுவந்து தருமாம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த வீடு பிடித்திருந்தது. படிக்கட்டே கிடையாது, என் மூட்டுவலிக்குத் தோதானது. சமையல் மேடை என் உயரத்துக்கு அளந்து கட்டியது. அதைவிட எனக்கு ஒரு நப்பாசை. கரண்ட் சும்மாவே வருகிற வீட்டில் இந்த மனுஷர் எதற்காக என்னை அடிக்கப்போகிறார்? பல்பு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டுமே. வயதும் ஆகிறது, வேலை டென்ஷனும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்ணாடிகளைப் பொருத்தி முடித்த அன்று அந்த ஆசை செத்தது. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். என்னைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, தான் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதாகவும், நான் உள்ளே நின்று என்னால் முடிந்த மட்டும் கத்த வேண்டும் என்றும் சொன்னார். என்னவென்று கத்துவது என்று கேட்டேன். அவர் என் கையைப் பின்பக்கமாக முறுக்கி மேலே தூக்கினார். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது, அலறினேன்.

"ஆங், இதே மாதிரி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கதவு சப்பென்று ஒட்டிக்கொண்டது. நான் கத்தினேன். பாதியிலிருந்து அது அவர் சொல்லிக் கத்தினதாக இல்லை, அத்தனை வருடமாகப் பல்லைக் கடித்து விழுங்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. தொண்டை கிழிந்தது. கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். காதைச் சாய்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தார். பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர், வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. நான் கத்திக்கொண்டே இருக்க, இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்து நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

உள்ளே வந்தவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"ஒண்ணுமே கேக்கல. இனிமே எந்தத் தையக்காரி வந்து தட்டறான்னு பாக்கலாம்."

இத்தனை வருடமும் அவர் கை ஓய்ந்து அடி நின்றதில்லை, மரக்கோல் சத்தம் கேட்டுத்தான் நின்றது. அந்தச் சத்தம் இல்லாத வீட்டுக்குக் குடிவந்தால் நான் பிணமாகத்தான் வெளியே போவேன். ஓடிப்போயிருக்கலாமே என்பீர்கள். எங்கே ஓட? அண்ணன் வீட்டு மின்விசிறிக்குக் கீழேயா?

மின்சாரக்காரர் பெண்டாட்டி ஆயிற்றே, நானும் என் மூளையைக் கொஞ்சம் எரியவிட்டேன். வீட்டுக்கு ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியன் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது காதில் கிடந்தது. காற்று எந்த ஓட்டை வழியாகப் போகிறதோ சத்தமும் அதே வழியாகத்தான் போகும் என்றிருந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, சமையலறைத் தொட்டிக்குக் கீழே, சுவரின் அந்தப் பக்கம் வரைக்கும் ஒரு வெற்றுக் குழாயை விட்டு வைக்கச் சொன்னேன். பின்னால் தோட்ட விளக்குக்கு ஒயர் இழுக்க வேண்டியிருக்கும், சாருக்குத் தெரியும் என்றேன். அவனும் சரியென்று வைத்துவிட்டான். மூன்று விரல் நுழைகிற குழாய். அதன் வெளிவாய் ஆசிரியர் வீட்டு வேலியைப் பார்த்துத் திறந்தது. அந்த வேலிக்கு அருகில்தான் அவரும் அவர் மனைவியும் நாற்காலி போட்டு உட்காருவார்கள்.

ஒரு நாள் ரேடியோவை எடுத்துப் போய்த் தொட்டிக்குக் கீழே வைத்து, எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, வெளியே வேலியோரம் போய் நின்றேன். சன்னமாக, ஆனால் சுத்தமாகக் கேட்டது. செய்தி வாசிக்கிறவர் சொன்ன ஊர்ப்பெயர்கூடப் புரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதிலிருந்து ஆசிரியர் மனைவியோடு வலியப் போய்ச் சிநேகம் பிடித்தேன். செடிக்கன்று கொடுத்தேன், அவள் மூட்டுவலிக்கு என் தைலத்தைக் கொடுத்தேன். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொண்டேன். மனசுக்குள் அவளைக் கொண்டுபோய்த் தையற்காரியின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். இந்த மாதிரி வீட்டைக் கட்டி முடித்ததும் காற்று கசிகிறதா என்று சோதிப்பார்கள். வாசல் நிலையில் ஒரு சட்டத்தைக் கட்டி, அதில் பெரிய விசிறியை மாட்டி, வீட்டுக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுவார்கள். எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று அதன் வழியாகச் சீறிக்கொண்டு உள்ளே வரும். தேறினால் வாசலில் பதித்துக்கொள்ள ஒரு பட்டயம் தருவார்கள். அதற்கான இடத்தில் அவர் முன்கூட்டியே திருகாணி அடித்து வைத்திருந்தார்.

சோதிக்க வந்தவர் பூனை மாதிரி நடக்கிற, அதிர்ந்து பேசாத மனுஷர். விசிறியை ஓடவிட்டார். கசிவை அளக்கிற மீட்டரின் முள் இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் நெற்றியில் நரம்பு புடைத்தது. பேனா மாதிரி ஒரு குச்சியிலிருந்து புகையைவிட்டபடி சோதனைக்காரர் ஒவ்வோர் அறையாகச் சுற்றி வந்தார். நான் சமையலறையில் தொட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். கொஞ்சம் நகரச் சொன்னார். நகர்ந்தேன், வேறு என்ன செய்ய? அலமாரிக் கதவைத் திறந்தார். பிளம்பர் மறந்துவிட்டுப் போன ஒரு பைப் ரெஞ்சைத் தவிர உள்ளே எதுவும் இல்லை. புகை மட்டும் அவர் முகத்திலேயே திருப்பி அடித்தது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவன் ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, அம்மாதான் விட்டு வைக்கச் சொன்னார்கள், சாருக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றான்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். பொம்பளை போட்ட பிளான் என்றார், எல்லோரும் சிரித்தார்கள். விசிறியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே போய் நிதானமாக டீ குடியுங்கள், அதற்குள் நானே இதை அடைத்துவிடுகிறேன் என்று சொல்லி, ஒவ்வொருவர் முதுகையும் தட்டி அனுப்பினார். கதவு சப்பென்று ஒட்டிக்கொண்டது.

முதல் உதை இடுப்பில் விழுந்தது. அலமாரிக் கதவின் மேல் போய் விழுந்தேன், கீல் பிய்ந்து வந்தது. முடியைப் பிடித்துத் தூக்கி, எனக்காக அளந்து கட்டிய அந்த மேடையின் விளிம்பில் வாயை மோதினார். முன்பல் உடைந்து நாக்கில் கிடந்தது. பழைய வீட்டில் அவர் அடியில் எப்போதும் ஓர் அவசரம் இருக்கும், மெஷின் நிற்பதற்குள் முடிக்க வேண்டுமே. இங்கே அவசரமே இல்லை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கீழே கிடந்த என் விலாவில் முழங்காலை ஊன்றி அழுத்தியபோது, உள்ளே ஏதோ முறிகிற சத்தத்தை நானே கேட்டேன்.

பிறகு இழுத்துக்கொண்டு போய், தொட்டிக்குக் கீழே என் தலையைத் திணித்து, முகத்தைக் குழாய் வாயில் வைத்தார்.

"இது வழியாத்தானே கூப்பிடலாம்னு இருந்தே? அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூப்பிட்டுக்கோ."

கூப்பிட்டேன். மானம் அவமானமெல்லாம் பார்க்கவில்லை. என்னைக் கொல்கிறார், யாராவது வாருங்கள் என்று மூச்சு இருக்கிற வரைக்கும் கத்தினேன். அவரும் குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். என் குரலை வெளியே கொண்டுபோன குழாய், வெளியே இருந்தவர்கள் குரலை உள்ளே கொண்டுவந்தது.

நான் சொல்லியிருக்கக் கூடாது என்று எலக்ட்ரீஷியன் முனகினான். போய்ப் பாருங்களேன் என்று ஆசிரியர் மனைவி கேட்டாள்.

"புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். நாளைக்கு அவர் மூஞ்சில முழிக்கணும்ல" என்றது ஆசிரியர் குரல். நாற்காலிகளை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கடைசியாக, இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதென்றால் ஓட்டை பெரியதுதான் என்று சோதனைக்காரர் சொன்னார்.

அத்தனை அடியிலும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. நான் ஒரு மக்கு. சுவர் மெலிசாக இருந்ததால் பிழைத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அந்த அடுக்குமாடியில் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் கூடக் கேட்டிருக்கும். மெஷினை நிறுத்தியவள் அவள் ஒருத்திதான்.

"கேட்டியா?" என்றார் அவர், குழந்தையிடம் கேட்கிற மாதிரி.

சந்துகளை அடைக்கிற நுரை டப்பாவை எடுத்துக் குலுக்கினார். காற்றுப் பட்டதும் பொங்கி, கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடுகிற நுரை. குழாய் வரைக்கும் போன கை நின்றது. என்ன தோன்றியதோ, மொதல்ல இதை அடைப்போம் என்று சொல்லிக்கொண்டே டப்பாவின் மூக்கை என் வாய்க்குத் திருப்பினார். நான் தலையைச் சாய்த்தேன். நுரை கன்னத்தில் அடித்துக் காதிலும் முடியிலும் வழிந்தது. ஒரு கையால் என் தாடையைப் பிடித்துத் திருப்பி மறுபடி அடித்தார். உதட்டில் ஒட்டிக்கொண்டு பொங்கியது, மூக்குத் துவாரம் வரைக்கும் ஏறியது. மூச்சு நின்றது. கண் முன்னால் கறுப்பாகப் புள்ளிகள் ஓடின. என் கை தானாகத் துழாவியது. ரெஞ்ச் கையில் பட்டது.

வீசினேன். எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை. அவர் முழங்காலில் விழுந்தது. இரண்டாவதைப் பார்த்துத்தான் போட்டேன், அதே இடத்தில். எலும்பு நொறுங்குவது என் மணிக்கட்டு வரைக்கும் தெரிந்தது. வாயிலிருந்த நுரையைப் பிய்த்து எறிந்தேன், உதட்டுத் தோலும் சேர்ந்து வந்தது. கீழே கிடந்தபடி கையை நீட்டி என் கணுக்காலைப் பிடித்தார். அந்தக் கையிலும் போட்டேன். அடுத்தது தலைதான். இரண்டு கையாலும் ரெஞ்சைத் தூக்கிவிட்டேன். ஐயோ, என்னைக் கொல்றாளே என்று அவர் கத்தினார், ஒரே ஒரு தரம்.

கதவு திறந்தது. அது பூட்டியிருக்கவே இல்லை. வெளியிலிருந்து தள்ளினால் திறக்கிற கதவு. சோதனைக்காரர், எலக்ட்ரீஷியன், கையில் தண்ணீர்க் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டு ஆசிரியர், எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். சார், சார், என்னாச்சு சார் என்று அவரைச் சுற்றி மண்டியிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. முறிந்த விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், நிறுத்த முடியவில்லை. ஏம்மா இப்படிப் பண்ணிட்டீங்க என்று கேட்க வாயெடுத்த ஆசிரியர், என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் தலையைக் குனிந்துகொண்டார்.

ரெஞ்சை மேடைமேல் வைத்தேன். தலையில் போடாமல் விட்டதற்கு வருத்தப்படுகிறாயா என்று பிற்பாடு ஒருவர் கேட்டார். சில நாள் படுகிறேன்.

பெரிய சாலை வரைக்கும் நடந்துபோய் வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், ஒரு துண்டை எடுத்துப் பின்னால் நீட்டினார். அடுக்குமாடியில் இன்னும் காலி செய்யாத எங்கள் வீட்டைத் திறந்து உள்ளே போய், அந்தச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிடக் குரல் இல்லை. கையை மடக்கிச் சுவரைத் தட்டினேன்.

மெஷின் நின்றது.

அவள் கழுத்தில் டேப்போடு வந்தாள். அளவு எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவன் எங்கே என்று கேட்டாள்.

"முட்டி ஒடஞ்சு கெடக்கறான்" என்றேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"போலீஸ் வரும். வரட்டும். இத்தனை வருஷமா இந்தச் சுவத்துல நான் கேட்டதையெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்றேன். அவனுங்க கை வலிக்க எழுதிக்கட்டும். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி."

எழுப்பி நிறுத்தப் பார்த்தாள். அதற்குள் நுரை கல்லாகிவிட்டிருந்தது. காதிலிருந்து பிடரி வரைக்கும் முடி முழுக்க ஒரே பாறை. தலையை அசைத்தால் மண்டைத் தோல் பிய்ந்துவிடும் போல வலித்தது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. எழுந்து தன் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாள். கையில் அந்தப் பெரிய கத்தரிக்கோல் இருந்தது.

அது துணிக்கு மட்டும் என்பாயே என்று உளறினேன்.

"பேசாம தலையைக் குனிங்கக்கா."

குனிந்தேன். நுரைக்கல்லும் முடியும் சேர்ந்து நறநறவென்று அறுபட்டு என் மடியில் விழுந்தன. ஒவ்வொரு வெட்டுக்கும் அதன் வாய் மழுங்குவது என் காதுக்கே கேட்டது. அவள் நிறுத்தவில்லை.